அர்த்தம் தெரிஞ்ச வார்த்தையிலேயே மார்க் போகுது, இங்கிலீஷ் பேப்பருக்கு என்ன செய்றது?

செந்தூல் அம்மா:
வணக்கம். என் மக படிவம் 5, இந்த வருஷம் எஸ்பிஎம், அதான் மலேசியாவுல பள்ளிப் படிப்பு முடிக்கிற பரீட்சை. இங்கிலீஷ் முதல் தாள்ல 40 கேள்வி, ஒன்றரை மணி நேரம், மத்ததெல்லாம் ஓரளவு செஞ்சிடுறா, வார்த்தைக்கு அர்த்தம் கேக்கிற இடம் வந்தா மட்டும் தப்புத் தப்பா போட்டுட்டு வர்றா. படிக்காத பிள்ளை இல்ல. ரெண்டு வருஷமா ஒரு நோட்டுல வார்த்தையும் அர்த்தமும் எழுதி மனப்பாடம் பண்றா, எழுநூறுக்கு மேல இருக்கும், ராத்திரி நான் வேலை முடிஞ்சு வந்ததும் நானே கேட்டுப் பார்ப்பேன், டக்டக்குனு சொல்லுவா.

போன வாரம் பள்ளிக்கூடத்துல கொடுத்த பயிற்சித் தாளை எடுத்துப் பார்த்தேன். ஒரு பத்தியில தாத்தா பேரனுக்கு 'சவுண்ட் அட்வைஸ்' கொடுத்தாரு, பேரன் அதைக் கேட்டு நடந்து கடையைக் காப்பாத்திட்டான்னு இருக்கு. அதுல 'சவுண்ட்'னா என்னன்னு கேள்வி. இவ 'லவுட்'ங்கிறதுக்கு வட்டம் போட்டிருக்கா. பக்கத்துல ரப்பரால அழிச்ச தடம், முதல்ல 'சென்சிபிள்'னு சரியா போட்டுட்டு அப்புறம் மாத்தியிருக்கா. ஏம்மா மாத்துனேன்னு கேட்டா, "நோட்டுல சத்தம்னுதானேம்மா இருக்கு"ங்கிறா. எனக்கு மனசே கேக்கல. இன்னும் வார்த்தை சேக்கச் சொல்லவா, இல்ல வேற வழி இருக்கா? எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும், சொல்லிக் கொடுக்கத் தெரியாது.

கெப்போங் டீச்சர்:
அந்த ரப்பர் தடத்தைத்தான்மா நீங்க பிடிச்சுக்கணும். வாக்கியத்தைப் படிச்சப்ப பிள்ளைக்கு சரியாத்தான் பட்டிருக்கு, அப்புறம் நோட்டு ஞாபகம் வந்து கெடுத்துடுச்சு. இந்த மாதிரி கேள்வியில பெரும்பாலும் கஷ்டமான வார்த்தை வராது, எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தையைத்தான் எடுத்து வேற அர்த்தத்துல வச்சிருப்பாங்க, பிள்ளைங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்ற அர்த்தத்தையும் விடைகள்ல ஒண்ணா போட்டு வச்சிருப்பாங்க. 'நாவல் ஐடியா'ன்னா கதைப் புத்தகம் இல்ல, புதுசான யோசனை. 'கிரேவ் மிஸ்டேக்'னா கல்லறை இல்ல, பெரிய தப்பு.

தமிழ்ல கேட்டுப் பாருங்க அவகிட்ட. ஆத்துல குளிச்சோம், மணி ஆறு, டீ ஆறிப்போச்சு, காயம் ஆறிடுச்சு. 'ஆறு'ன்னா என்னன்னு தனியா கேட்டா அவளால பதில் சொல்ல முடியுமா? எந்த வாக்கியத்துலன்னு திருப்பிக் கேப்பா. இங்கிலீஷ்லயும் அதே கேள்வியைக் கேட்டா போதும்.

நான் என் பிள்ளைங்களுக்கு செய்ய வைக்கிறது இதுதான். நாலு விடையையும் கையால மூடிடணும். வாக்கியத்துல அந்த வார்த்தை இருக்கிற இடத்தை வெத்திடமா நினைச்சு, முன்னாடி ஒரு வாக்கியம் பின்னாடி ஒரு வாக்கியம் சேத்துப் படிச்சு, தனக்குத் தோணுற வார்த்தையை ஓரத்துல பென்சில்ல எழுதணும், தமிழ்ல எழுதினாலும் பரவாயில்ல. 'உருப்படியான அறிவுரை'ன்னு எழுதிட்டு அப்புறம் கையை எடுத்தா, 'லவுட்' அவளை இழுக்காது. கடைசியா, எடுத்த விடையை அந்த இடத்துல போட்டு முழு வாக்கியத்தையும் இன்னொரு தடவை படிக்கணும், இதை மட்டும் விடவே கூடாது.

அப்புறம் 'பட்', 'ஆல்தோ', 'அன்லைக்' வந்தா அதுக்குக் கீழ கோடு போடச் சொல்லுங்க, அர்த்தம் எதிர்ப்பக்கம் திரும்புற இடம் அதுதான். அண்ணன் வாய் ஓயாம பேசுவான், ஆனா தம்பி 'டாசிடர்ன்'னு இருந்தா, அந்த வார்த்தையை வாழ்க்கையில பார்த்ததே இல்லேன்னாலும் அதிகம் பேசாதவன்னு புரிஞ்சிடும். கமா போட்டு 'தட் இஸ்'னு வந்தா அர்த்தத்தை அவங்களே பக்கத்துல எழுதிக் கொடுத்துட்டாங்கன்னு அர்த்தம்.

பட்டர்வொர்த் தம்பி:
அக்கா, நான் போன வருஷம் மியூவெட் எழுதுனேன், இங்க பல்கலைக்கழகம் போறதுக்கான இங்கிலீஷ் பரீட்சை, ரீடிங் தாள் 40 கேள்வி 75 நிமிஷம், ஒரு கேள்விக்கு ரெண்டு நிமிஷம்கூட கிடையாது, அதனால டீச்சர் சொன்ன கை மூடுற பழக்கத்தை இப்பவே வேகமா செய்யப் பழகிக்கச் சொல்லுங்க.

நான் மார்க் விட்டது வேற இடத்துல. ரெண்டு விடை ஒரே மாதிரி இருக்கும், ரெண்டுமே வாக்கியத்துல உக்காரும். எழுதுனவரு அந்த ஆளைப் புகழுறாரா திட்டுறாரான்னு பார்க்கணும். நம்ம வீட்டுல அம்மாவை சிக்கனம்னு சொல்லுவோம், அதே காசைப் பிடிச்சு வைக்கிற பக்கத்து வீட்டுக்காரரைக் கஞ்சம்னு சொல்லுவோம் இல்ல, 'திரிஃப்டி'யும் 'ஸ்டிஞ்சி'யும் அப்படித்தான். பத்தியோட குரல் நல்லவிதமா இருந்தா நல்ல வார்த்தைக்குப் போகணும். மலாய்லயும் இதே கதைதான், பெரியம்மா ஈப்போலேர்ந்து 'புவா தாங்ஙான்' கொண்டு வந்தாங்கன்னா கையும் பழமும்னு யாராச்சும் நினைப்போமா, ஊருக்குப் போனவங்க வாங்கிட்டு வர்ற சாமான்னு கேக்கும்போதே தெரியுது.

பத்துமலை வாசகர்:
டீச்சர் சொன்னது சரி, ஆனா அதைப் படிச்சிட்டு யாரும் நோட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. சுத்தி இருக்கிற வார்த்தை தெரிஞ்சாத்தானே தெரியாததை ஊகிக்க முடியும். 2000-ல ஹூவும் பால் நேஷனும் செஞ்ச ஆய்வுல, யார் உதவியும் இல்லாம ஒரு பத்தி நல்லா புரியணும்னா அதுல இருக்கிற வார்த்தையில 98 சதவீதம் தெரிஞ்சிருக்கணும்னு வந்துச்சு, அதாவது 50 வார்த்தைக்கு ஒண்ணுதான் தெரியாம இருக்கலாம். ஒரு வரிக்கு மூணு வார்த்தை தெரியாத பிள்ளைகிட்ட போய் வாக்கியத்தைப் பார்த்துக் கண்டுபிடின்னா அது எங்கே போகும், பாவம்.

இன்னொண்ணு, எல்லா வாக்கியமும் உதவி செய்யாது. ஐசபெல் பெக், மெக்கியோன், மெக்காஸ்லின்னு மூணு ஆய்வாளருங்க 1983-லயே இதை எழுதிட்டாங்க, சில இடத்துல சுத்தி இருக்கிறதே தப்பான பக்கம் இழுத்துட்டுப் போயிடும். மழை பேஞ்சிச்சு, பஸ் லேட்டு, பர்ஸைக் காணோம், அவ 'எக்குவானிமிட்டி'யோட வீட்டுக்கு வந்தா. இதைக் கேட்டா எல்லாரும் கோபம்னுதான் சொல்லுவாங்க. ஆனா அது பதறாத மனசு. நடுவுல 'ஆனாலும்'னு ஒரு வார்த்தை இருந்திருந்தா பிடிச்சிருக்கலாம். பரீட்சைத் தாள்ல பொதுவா அந்த 'ஆனாலும்' இருக்கும், ஏன்னா விடைக்குப் பத்தியிலேயே ஆதாரம் வேணும். கதைப் புத்தகத்துல அப்படி இருக்கணும்னு இல்ல, அங்க அகராதிதான்.

அதனால நோட்டு இருக்கட்டும், ஆனா வார்த்தைக்குப் பக்கத்துல அர்த்தம் எழுதாம, அது வந்த வாக்கியத்தை அப்படியே எழுதச் சொல்லுங்க. சவுண்டுக்கு மூணு வாக்கியம் சேர்ந்தா மூணு அர்த்தமும் தானா வந்திடும்.

கெப்போங் டீச்சர்:
இதை ஒத்துக்கிறேன் சார், வாக்கியத்தோட எழுதுறது ரொம்ப நல்ல வழி. அமெரிக்காவுல காலேஜ் சேர எழுதுற எஸ்ஏடி பரீட்சைகூட இந்தப் பக்கம்தான் வந்திருக்கு, ஒரு ஜோடி வார்த்தையைக் கொடுத்து அதே உறவுள்ள இன்னொரு ஜோடியைக் கேக்கிற கேள்வியை 2005-ல எடுத்தாங்க, தனி வாக்கியத்துல கோடிட்ட இடம் நிரப்புறதை 2016-ல எடுத்தாங்க, இப்ப கம்ப்யூட்டர்ல எழுதுறதுல 25-லேர்ந்து 150 வார்த்தைக்குள்ள குட்டிப் பத்தி கொடுத்து அதுக்குள்ளயே அர்த்தம் கேக்கிறாங்க.

செந்தூல் அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி சாப்பாட்டு மேசையில உக்காந்து பழைய தாள்ல பத்து கேள்வி செஞ்சோம், விடையை நான்தான் கையால மூடிக்கிட்டேன், அவ ஓரத்துல தமிழ்ல எழுதுனா. ஏழு சரி. தப்பான மூணுல ரெண்டு இடத்துல 'ஆல்தோ' இருந்துச்சு, அதைக் கவனிக்கவே இல்ல. அந்த ரெண்டு வாக்கியத்தையும் அவளே புது நோட்டு ஒண்ணு எடுத்து முதல் பக்கத்துல எழுதி, 'ஆல்தோ'வுக்கு சிவப்புல கோடு போட்டா. மூணாவது தப்பு அந்தத் தம்பி சொன்ன மாதிரிதான், ரெண்டு விடையும் உக்காருது, எனக்கும் எது சரின்னு தெரியல. டீச்சர், அந்தப் பத்தியை இன்னிக்கு ராத்திரி தட்டச்சு செஞ்சு இங்க போடுறேன், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க.