பழைய இரு பரிமாண வீடியோ கேம் பாணி இன்றைக்கும் தேவையா?

கேசட் காலத்தவன்:
என் பத்து வயது மகளுக்கு 'செலஸ்ட்' (2018) வாங்கிக் கொடுத்தேன். ஐந்து நிமிடம் ஆடிவிட்டு, "அப்பா, ஏன் எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கிறது? டிவி சரியில்லையா?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தொண்ணூறுகளில் கேசட்டை ஊதி ஊதிச் செருகி மாரியோவும் கான்ட்ராவும் ஆடியவன் நான். அந்தக் கட்டங்களைப் பார்த்தாலே கோடை விடுமுறை ஞாபகம் வந்துவிடும். அவளுக்கு அந்த ஞாபகம் இல்லை. அதைக் கழித்துவிட்டால் இந்தப் பாணிக்கென்று மதிப்பு ஏதாவது மிஞ்சுமா?

புள்ளிக்கோலம்:
மிஞ்சும் அண்ணா, நிறையவே மிஞ்சும். ஆறு வருடமாகப் புள்ளிப் படம், அதாவது சின்னச் சின்னச் சதுரப் புள்ளிகளை (பிக்சல்) அடுக்கி உருவாக்கும் படம், வரைகிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

முதல் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் (1985) மொத்தமே 40 கிலோபைட். சின்ன மாரியோவுக்குக் கிடைத்த இடம் 16க்கு 16 புள்ளி, மூன்று நிறம். மேகத்தையும் புதரையும் பாருங்கள், ஒரே வடிவம்தான். வெள்ளைக்குப் பதில் பச்சை. 1981இல் 'டாங்கி காங்' என்ற கேமுக்காக மாரியோவை முதலில் வரைந்தபோது வாயும் தலைமுடியும் அந்த அளவில் தெளிவாக வராது என்பதால்தான் மீசையும் தொப்பியும் வந்தன. இடம் இல்லாததால் பிறந்த முகத்தை இன்று உலகமே அடையாளம் காண்கிறது.

நேற்றிரவு குடம் சுமக்கும் பாட்டி ஒருவரை வரைந்துகொண்டிருந்தேன். என்ன செய்தும் களைப்பு வரவில்லை. கொண்டையை ஒரே ஒரு புள்ளி கீழே இறக்கினேன். பாட்டி களைத்துவிட்டார். இந்த ஒரு புள்ளிக்காகத்தான் இந்தக் கலை பிழைக்க வேண்டும் என்கிறேன்.

உங்கள் மகளிடம் செலஸ்ட் நாயகியின் தலைமுடியைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

பிக்சர் டியூப்:
தங்கை சொல்வதை மதிக்கிறேன். ஆனால் 'பழைய பாணி' என்று இன்று விற்பதில் பாதி, நாங்கள் பார்த்ததே இல்லை. இருபது வருடம் டிவி பழுதுபார்த்தவன் நான். அந்தக் காலத்துக் குழாய்த் திரையில் புள்ளிகள் ஒன்றோடொன்று கசிந்து கலக்கும். 1991இல் வந்த சோனிக் கேமில் அருவியைச் செங்குத்துக் கோடுகளாகத்தான் வரைந்திருந்தார்கள். சாதாரண வீடியோ கேபிளில் அது கலங்கி, பின்னால் இருப்பது தெரியும் தண்ணீராகிவிடும். இன்றைய திரையில் அதே அருவி வேலிக் கம்பி. வரைந்தவர்கள் கசிவையும் கணக்கில் வைத்தே வரைந்தார்கள். அது தெரியாமல் கட்டத்தை மட்டும் நகலெடுப்பதை மறுமலர்ச்சி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

கழிக்க வேண்டியதைக் கழிக்கவும் தெரிய வேண்டும். அந்த முதல் மாரியோ ஓடிய ஃபேமிகாம் என்ற கேம் கருவியில் திரையின் ஒரே புள்ளி வரிசையில் எட்டுக்கு மேல் உருவத் துண்டுகள் நிற்க முடியாது. கூட்டம் சேர்ந்தால் உருவங்கள் மினுக்கும். அதே பாணியில் வந்த 'ஷவல் நைட்' (2014) கேம் அந்த மினுக்கலைத் தெரிந்தே விட்டுவிட்டது. அப்படிச் செய்பவர்களுக்கு என் கைதட்டல்.

மையும் தாளும்:
இரு பரிமாணம் என்றதும் எல்லோரும் புள்ளிக்கே போய்விடுகிறீர்கள். 'கப்ஹெட்' (2017) 1930களின் கார்ட்டூன் போல, அசைவு அசைவாகத் தாளில் கையால் வரையப்பட்டது. அதையும் சேர்த்துப் பேசுங்கள்.

கேசட் காலத்தவன்:
எல்லோருக்கும் நன்றி. தலைமுடியைப் பார்க்கச் சொன்னேன். இரண்டு முறை விழுந்துவிட்டு அவளே கண்டுபிடித்தாள்: "அப்பா, காற்றில் பாய்ந்ததும் சிவப்பு முடி நீலமாகிறது. நீலமாக இருந்தால் மறுபடி பாய முடியாது. தரையைத் தொட்டால் திரும்பவும் சிவப்பு!" திரையில் ஓர் எழுத்துகூட இல்லாமல் புரிந்துகொண்டாள். டிவியைப் பற்றி அதன்பின் கேட்கவில்லை.

இன்று காலை கணக்கு நோட்டில் 16க்கு 16 கட்டம் போட்டு எங்கள் வீட்டுப் பூனையை வரைந்துகொண்டிருக்கிறாள். மூன்று நிறம்தான் என்று சொல்லிவிட்டேன். உடம்புக்கும் கோட்டுக்கும் இரண்டு போய்விட்டது. மூன்றாவதைக் கண்ணுக்குக் கொடுப்பதா, வால் நுனிக்குக் கொடுப்பதா என்று இன்னும் முடிவாகவில்லை. புள்ளிக்கோலம், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?