கிளஸ்டரில் எம்பிஐ-ஃபோர்-பை: எல்லா பிராசஸும் ரேங்க் 0 என்கிறதே?

வணக்கம். பல்கலைக்கழகப் பொது சூப்பர் கம்ப்யூட்டர். ரூட் அனுமதி கிடையாது. பைத்தான் மாட்யூலை லோடு செய்து, ஹோமில் வெர்சுவல் என்விரான்மென்ட் போட்டு, பிப் வழியாக எம்பிஐ-ஃபோர்-பையை (mpi4py: பல பிராசஸ்கள் தங்களுக்குள் செய்தி பரிமாற உதவும் எம்பிஐயின் பைத்தான் லைப்ரரி) நிறுவினேன். லாகின் நோடில் இம்போர்ட் ஆகிறது. ஆனால் ஸ்லர்மில் (கிளஸ்டரில் வேலைகளைப் பகிர்ந்து ஓட்டும் மென்பொருள்) 4 பிராசஸ் கேட்டு அதன் எஸ்ரன் (srun) கட்டளையைக் கொடுத்தால், நான்குமே ரேங்க் (பிராசஸின் எண்) 0, சைஸ் (மொத்த பிராசஸ்கள்) 1 என்று அச்சிடுகின்றன. ஒன்றுக்கொன்று முகமே தெரியாது போல!

பிப் வேறு ஏதோ எம்பிஐ லைப்ரரியைப் பிடித்துக்கொண்டதோ என்று சந்தேகம். ஓப்பன்எம்பிஐ மாட்யூலை லோடு செய்து, கேஷைத் தவிர்த்து, சோர்ஸிலிருந்தே மறுபடி பில்டு செய்தால் போதுமா? இல்லை, எஸ்ரன்னுக்கு பிஎம்ஐஎக்ஸ் (PMIx: தொடங்கும் பிராசஸ்கள் ஒன்றையொன்று அறிய உதவும் இடைமுகம்) என்றும் சொல்ல வேண்டுமா? கம்ப்யூட் நோடில் இணையம் இல்லை. கோண்டா (பிப் போன்ற இன்னொரு நிறுவல் கருவி) மட்டும் வேண்டாம். அது கொட்டும் பொடிப்பொடி ஃபைல்களிலேயே எனக்கு ஒதுக்கிய ஃபைல் கோட்டா தீர்ந்துவிடும். இந்தத் தொல்லையைத் தாண்டியவர்கள் யாராவது சொல்லுங்களேன்.