தாத்தா கடிதங்கள் – குடும்பக் குழு

அக்கா: (புகைப்படம்) தாத்தா கடிதங்களைப் புத்தகமாகத் தைக்கப் போகிறேனே, அதன் மாதிரிப் பக்கம் தயார். பார்த்துச் சொல்லுங்கள்.

அத்தை: நன்றாக இருக்கிறது கண்ணு. ஆனால் கீழே ஏன் இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது? தாள் என்ன இலவசமாகவா வந்தது?

தம்பி: கோல்டன் ரேஷியோ அத்தை, பொன் விகிதம்! புனித வடிவியல் என்று ஒரு மணி நேர வீடியோ பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

அக்கா: டேய், அது 1.618. இந்தப் பக்கம் 2:3, வெறும் ஒன்றரை. புனிதமும் இல்லை ஒன்றும் இல்லை. அகலத்தை 9 பங்கு, உயரத்தை 9 பங்கு ஆக்கினேன். அதில் காலி மார்ஜின் தையல் பக்கம் 1, வெளியே 2, மேலே 1, கீழே 2.

பெரியப்பா: பக்கம் என்ன அளவு?

அக்கா: 18க்கு 27 சென்டிமீட்டர். ஏ3 தாளை மடித்து வெட்டினேன். மார்ஜின் தையல் பக்கம் 2, மேலே 3, வெளியே 4, கீழே 6 என்று முழு எண்ணாகவே வந்துவிட்டது பெரியப்பா. எழுத்துக் கட்டத்தின் உயரமும் 18, பக்கத்தின் அகலமும் 18!

பெரியப்பா: அட! நான் அச்சகத்தில் எழுத்துக் கோத்த காலத்தில் முதலாளி மார்ஜினைக் குறைக்கத்தான் சொல்வார். சரி, தையல் பக்கம் 2 போதுமா? வரி மடிப்புக்குள் போய்விடாதா?

அக்கா: ஓரத்தில் குத்தித் தைத்தால் போகும். இது மடிப்பிலேயே தைப்பது, நன்றாக விரியும். விரித்தால் நடுவில் இரண்டும் சேர்ந்து 4, வெளியேயும் 4.

தம்பி: இந்த 9 பங்குக் கணக்கை யார் கண்டுபிடித்தது?

அக்கா: ஐரோப்பாவின் பழைய கையெழுத்துப் பிரதிகளை அளந்து பார்த்து, யான் சிகோல்ட் என்ற புத்தக வடிவமைப்பாளர் 1953இல் கண்டறிந்தார். அவருக்கு முன்பே வான் டி கிராஃப் என்பவர், அளக்காமல் மூலைவிட்டங்கள் போட்டே எழுத்துக் கட்டத்தின் இடத்தைப் பிடிக்க வழி சொல்லிவிட்டார். நானும் அப்படித்தான் வரைந்தேன். என் ஸ்கேலில் எண்கள் தேய்ந்துபோனதும் ஒரு காரணம் 😄

அத்தை: அதெல்லாம் இருக்கட்டும். எழுத்துக்கு எவ்வளவு இடம்?

அக்கா: 9இல் 4 பங்கு.

அத்தை: பாதிகூட இல்லையா!

பெரியப்பா: கட்டைவிரல் வைக்க இடம் வேண்டாமா?

அத்தை: அண்ணா, 6 சென்டிமீட்டருக்குக் கட்டைவிரல் யாருக்கு இருக்கிறது?

அத்தை: அப்புறம், மூன்றாவது கடிதத்தில் "குஞ்சு வந்து போனாள்" என்று அப்பா எழுதியிருக்கிறாரே, குஞ்சு யார் தெரியுமா?

அக்கா: தெரியாதே.

அத்தை: நான்தான்.

தம்பி: 😂😂

அக்கா: அத்தை, அதைக் கீழே உங்கள் கையாலேயே எழுதிவிடுங்களேன். இடம்தான் இருக்கிறதே.

அத்தை: என் கோழிக்கிறுக்கலா? சரி, முதலில் பென்சிலில். தைப்பதற்கு முன்பே தாளைக் கொடுத்துவிடு. தைத்த புத்தகத்தில் எழுத எனக்குக் கை வராது.