பெரிய டயர், மாறாத கியர்: மைலேஜ் எங்கே போகிறது?

பெரிய டயர் போட்டவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது "மைலேஜ் விழுந்துடுச்சு" என்பதுதான். என் ஃபோர் வீல் டிரைவ் வண்டியிலும் விழுந்தது. ஆனால் எவ்வளவு விழுந்தது என்று கேட்டால், வருகிற பதிலில் பாதிக்கு மேல் தப்புக் கணக்கு. டயர் பெரிதானால் சக்கரம் ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் போகும். ஓடோமீட்டருக்கு அது தெரியாது, பழைய டயர் கணக்கிலேயே எண்ணிக்கொண்டிருக்கும்.

என் வண்டியில் கம்பெனி டயர் 235/75 ஆர்15. விட்டம் சுமார் 734 மி.மீ., அதாவது 29 இன்ச்சை ஒட்டி. இப்போது ஓடுவது 33 இன்ச், விட்டத்தில் 14 சதவீதம் கூடுதல். மீட்டர் 350 கி.மீ. காட்டும்போது வண்டி 400 கி.மீ. ஓடியிருக்கும். அதற்கு 40 லிட்டர் பிடித்தால் மீட்டர் கணக்கில் லிட்டருக்கு 8.75, நிஜக் கணக்கில் 10. இந்த வித்தியாசத்தைக் கழிக்காமல் டயரைத் திட்டுவதில் நியாயமே இல்லை.

பக்கவாட்டில் அச்சடித்த 33-ஐயும் அப்படியே நம்பாதீர்கள். வண்டியின் எடை ஏறியதும் டயர் அமுங்கும், காற்றைப் பொறுத்தும் மாறும். நான் சமதரையில் வண்டியை நிறுத்தி, டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, ஐந்து சுற்று உருட்டி, டேப் பிடித்து அளந்து ஐந்தால் வகுத்தேன். அந்த எண்ணைத்தான் இன்றுவரை கணக்குக்கு எடுக்கிறேன். ஜி.பி.எஸ். தூரத்தோடு ஒத்துப்போகிறது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று வேகம். மீட்டரில் 80 என்று ஓட்டினால் நிஜத்தில் 90-ஐத் தாண்டியிருக்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், அந்தப் 14 சதவீத வேகத்துக்கு எதிர்ப்பு 30 சதவீதம் கூடிவிடும். "அதே வேகத்தில்தானே போறேன், ஏன் இவ்வளவு குடிக்குது?" என்பதற்குப் பாதி பதில் இதுதான்.

மீட்டரைத் திருத்திய பிறகும் மிஞ்சுகிற நஷ்டம் உண்மையான நஷ்டம். டயரின் எடை விளிம்பில் இருப்பதால் ஒவ்வொரு முறை வேகமெடுக்கும்போதும் அதைச் சுழற்றவே எஞ்சின் தனியாக உழைக்க வேண்டும். சிக்னலும் வளைவுமாக உள்ள பாதையில் இது நன்றாகவே தெரியும். அகலமான டயரும் உயர்ந்து நிற்கும் வண்டியும் காற்றை அதிகம் தள்ளும்.

அடுத்தது கியர். எனக்கு ஆக்ஸில் விகிதம் 4.10, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸ் பக்கமிருந்து வரும் தண்டு 4.10 சுற்று சுற்ற வேண்டும். 33 போட்டதும் அது 3.59 போல நடந்துகொள்கிறது. "ஆர்.பி.எம். குறையுது, அப்போ எண்ணெய் மிச்சம்தானே" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். எஞ்சினில் இழுக்கத் தெம்பு மிச்சமிருந்தால் அது சரிதான். நேர் கியரில், அதாவது 1:1-ல், நிஜமான 80 கி.மீ. வேகத்துக்கு முன்பு 2,370 வாக்கில் சுற்றிய எஞ்சின் இப்போது 2,080-ல் சுற்றுகிறது. ஓவர்டிரைவில், அதாவது ஐந்தாவது கியரில், இன்னும் கீழே. டர்போ முழுசாக வேலை செய்யாத இடம் அது. லேசான ஏற்றம் வந்தாலும் ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் மிதிக்க வேண்டும், இல்லையென்றால் கியரை இறக்க வேண்டும். ஐந்தாவது கியர் பேருக்குத்தான் இருந்தது.

பழைய நிலையை அப்படியே கொண்டுவர 4.69 வேண்டும். கிடைப்பது 4.56 அல்லது 4.88. நான் 4.88 போட்டேன், பாரம் ஏற்றுவதும் மேட்டுப் பாதையும் எனக்கு அதிகம் என்பதால். ஐந்தாவது கியர் திரும்பி வந்தது, மலைப்பாதையில் எண்ணெயும் ஓரளவு மிச்சமானது. ஆனால் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது லாபம் இல்லை. அதிகமாக ஓட்டுவது நெடுஞ்சாலை என்றால் 4.56 போதும் என்பது என் கருத்து. டயர் தின்றதை முழுசாகத் திருப்பித் தரும் கியர் எதுவும் கிடையாது. எஞ்சினை அது சுகமாக இழுக்கும் இடத்தில் வைப்பதுதான் அதன் வேலை.

லோ ரேஞ்சில், அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் நிலையில்தான் உண்மையான சந்தோஷம். முதல் கியர் 4, டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) 2.5, ஆக்ஸில் 4.10 என்று வைத்தால் பெருக்கல் 41. 33 டயரில் அது 36-க்கு இறங்கிவிடும், பாறையில் கிளட்சைத் தேய்த்துத்தான் ஏற முடியும். 4.88-ல் 43 ஆகிறது. கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டு நிதானமாக ஏறலாம்.

*

அண்ணா, சாக்பீஸ் முறைக்கு நன்றி. என் அனுபவம் வேறு. நான் 31 இன்ச் டயரோடு நிறுத்திக்கொண்டேன், கியரைத் தொடவில்லை. 7 சதவீதம்தான் என்பதால் 4.10 எனக்கு 3.82 போல ஆகிறது, எஞ்சின் அதைத் தாங்கிக்கொள்கிறது.

எனக்கு உதைத்தது டயரின் பட்டன், அதாவது தரையில் படும் கட்டைகள்தான். முதலில் மட் டெரெய்ன் (சேற்றுக்கான டயர்) போட்டேன். தார் ரோட்டில் அந்தப் பெரிய கட்டைகள் ஒவ்வொன்றும் தரையில் பட்டு நெளிந்து நிமிரும்போது வீணாகும் சக்தி எல்லாம் டேங்கிலிருந்துதான் போகிறது. சத்தமும் சூடும் அதன் அடையாளம். அதே 31-ல் ஆல் டெரெய்னுக்கு (எல்லாத் தரைக்கும் பொதுவான டயர்) மாறியதுமே டேங்க் நீடித்தது. அதோடு, மணலுக்காக 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கிய காற்றை ரோட்டுக்கு ஏறும் முன் திரும்ப அடிக்காமல் நான் கிளம்புவதே இல்லை. எண்ணெய் போனால் போகட்டும், குறைந்த காற்றில் வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கும்.

*

ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய டயர் போட்டு கியரை விட்டுவிட்டால் டார்க் கன்வர்ட்டர் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைப்பது) லாக் ஆவதும் விடுவதுமாக ஆடும். லாக் ஆகாத நேரமெல்லாம் உள்ளே வழுக்கல்தான். எண்ணெயும் வீண், கியர்பாக்ஸ் ஆயிலும் கொதிக்கும். என் வண்டியில் சிறு ஏற்றத்தில்கூட இது நடந்தது. கம்ப்யூட்டரில் டயர் அளவைத் திருத்திய பிறகு கியர் மாறும் நேரம் கொஞ்சம் சீரானது, ஆனால் ஆட்டம் நின்றது ஆக்ஸில் விகிதம் மாற்றிய பிறகுதான்.

அண்ணா, கியர் செட் மாற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்தீர்களா? என்னவெல்லாம் கவனிக்க வேண்டும்?

*

பார்த்தேன் தம்பி. முதலில் பல்லை எண்ணச் சொல்லுங்கள். 4.10 என்றால் கிரவுன் வீலில் (ஆக்ஸிலின் பெரிய பல்சக்கரம்) 41, பினியனில் (அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரம்) 10. 4.88 என்றால் 39-க்கு 8. பினியன் சிறுத்துவிடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், அதனால் விகிதம் ஏற ஏற பல் பலமும் குறையும். முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் இரண்டிலும் ஒரே விகிதம் கட்டாயம். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு கெட்டித் தரையில் நாலு சக்கரத்தையும் ஓட்டினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விடும்.

பிறகு பல்லில் மார்க்கிங் பேஸ்ட் தடவிச் சுற்றிப் பார்ப்பார்கள். தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். ஆழமாகவோ நுனியிலோ விழுந்தால் திரும்பப் பிரித்து ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) மாற்ற வேண்டும், அவசரப்படுத்தாதீர்கள். முதல் சில நூறு கி.மீ. பாரம் ஏற்றாமல் மெதுவாக ஓட்டி, ஆயிலை வடித்து மாற்றுங்கள். மைலேஜ் கணக்கை அதற்குப் பிறகு எடுங்கள். புதுப் பல் பழகும்வரை சூடும் உராய்வும் கூடுதல், அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.