வண்டியைச் சரி பண்ணினவன்கிட்ட நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லாம வந்துட்டேன். உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா?

நீலவண்டி:
மூணு மாசமாச்சு, இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கு. அதான் எழுதறேன்.

வண்டி காலையில ஸ்டார்ட் ஆகாது. செல்ஃப் அடிச்சா ஒரு முனகல், அவ்வளவுதான். மத்தியானம் ஒரே அடியில ஸ்டார்ட் ஆகிடும். பேட்டரி மாத்தினேன். வேற இடத்துல ஆல்டர்னேட்டர் மாத்தினாங்க. அதுக்கப்புறம் இன்னொரு இடத்துல செல்ஃப் மோட்டாரைக் கழட்டி கார்பன் பிரஷ் போட்டாங்க. நோய் மட்டும் அப்படியே இருந்துச்சு. நாலாவதா போன இடத்துல ஒரு பையன்கிட்ட விட்டாங்க. இருபது வயசு இருந்தா அதிகம். "இவனா?"ன்னு நான் முதலாளியைப் பார்த்த பார்வையை அவனும் பார்த்துட்டான்.

அவன் எதையும் கழட்டலை. மல்டிமீட்டர்ல ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்ல, இன்னொண்ணை இன்ஜின் பிளாக்ல வச்சுக்கிட்டு, "செல்ஃப் அடிங்க சார்"னான். அடிச்சேன். 1.9 வோல்ட் காட்டுச்சு. "இங்க 0.2 தாண்டக் கூடாது சார்"னு சொல்லிட்டு வண்டிக்கு அடியில போயிட்டான். திரும்பி வரும்போது கையில எர்த் பட்டை, பேட்டரி நெகட்டிவை வண்டி பாடியோட, இன்ஜினோட சேர்க்கிற கம்பிப் பட்டை. மேலே பார்த்தா ஒரு குறையும் தெரியலை. போல்ட் மாட்டற முனை பக்கம் லேசா வளைச்சுக் காட்டினான், உள்ளே முழுக்க பச்சை பூத்து, கம்பி பொடிப்பொடியா உதிருது. போல்ட் உட்கார்ற இடத்தை உப்புத்தாள் போட்டு வெள்ளி மாதிரி தேய்ச்சு, புதுப் பட்டையை மாட்டினான். மறுபடியும் "அடிங்க சார்". 0.1. வண்டி உடனே பிடிச்சுக்கிச்சு.

மீட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டிக்கிட்டே நிக்கிறான். நான் கேட்டேன்: "இவ்வளவுதானா?"

அவன் ஒண்ணும் சொல்லலை. மீட்டரை ஆஃப் பண்ணி பாக்கெட்ல போட்டுக்கிட்டான். பணத்தை முதலாளிகிட்ட கொடுத்தேன், நன்றியும் முதலாளிக்குத்தான். பையன் பேரைக்கூட கேட்கலை.

ஜன்னலோரம்:
நானும் "இவ்வளவுதானா" கட்சிதான், தலை குனியறேன். தயவுசெஞ்சு யாரும் அந்த சுத்தியலால ஒரு தட்டு தட்டிட்டு பெரிய பில் போட்ட நிபுணர் கதையை இங்க கொண்டு வராதீங்க. கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு.

மெதுவா_போறவன்:
என்னோடது இன்னும் மோசம்.

பிரேக் மிதிச்சா ஸ்டீயரிங் நடுங்கும். டிஸ்க் ரெண்டையும் புதுசு போட்டேன். ரெண்டு வாரம் நல்லா இருந்துச்சு, மறுபடியும் நடுக்கம். வேற இடத்துக்குக் கொண்டு போனேன். அங்க ஒரு பொண்ணு, ஓவரால்ல, கையெல்லாம் கிரீஸ். பக்கத்துல ஒருத்தர் சும்மா நின்னுக்கிட்டு இருந்தார். நான் அவரைப் பார்த்தே வண்டியோட கதையை முழுசா சொன்னேன். கடைசியில அவர், "சார், நானும் வண்டி விடத்தான் வந்தேன்"ங்கறார்.

அந்தப் பொண்ணு சிரிக்கவும் இல்லை, கோவிச்சுக்கவும் இல்லை. வீலைக் கழட்டி, நட்டைப் போட்டு டிஸ்க்கை இறுக்கி, ஆட்டத்தை அளக்கிற டயல் கேஜை வச்சு மெதுவா சுத்தினாங்க. முள் இங்கேயும் அங்கேயும் ஆடுது. டிஸ்க்கை எடுத்துட்டு அது உட்கார்ற ஹப்பைக் காட்டினாங்க. செதில் செதிலா துரு. அதைச் சுத்தம் பண்ணாம அதுமேலேயே புது டிஸ்க்கை உட்கார வச்சிருக்காங்க. துரு ஒரு பக்கம் ஒரு மயிரிழை தடிமன் இருந்தாப் போதும், டிஸ்க்கோட விளிம்புல ஆட்டம் கூடிடும், ஓட ஓட டிஸ்க் ஒரு இடத்துல தடிச்சு ஒரு இடத்துல தேஞ்சு போயிடும், அந்தத் தடிமன் வித்தியாசம்தான் பெடல்லயும் ஸ்டீயரிங்லயும் தெரியறதுன்னு பொறுமையா சொன்னாங்க. என்கிட்ட மட்டும் சொன்னாங்க, நான் அவங்ககிட்ட பேசாம இருந்ததைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. "நீங்களே சுத்திப் பாருங்க சார்"னு டிஸ்க்கை என் கையில விட்டாங்க.

நான் சுத்தினேன், முள் ஆடுச்சு. அந்த முள் இன்னமும் கண்ணுல ஆடிக்கிட்டே இருக்கு.

பழைய_கார்பரேட்டர்:
யாரும் கோவிச்சுக்காதீங்க. நீலவண்டிக்கு தேவையில்லாம மூணு பார்ட் மாத்தினது யாரு? அதுவும் இந்தக் காலத்துப் பசங்கதானே. கோளாறு கோடைக் காட்டற ஸ்கேனரைச் சொருகறாங்க, அது சொன்னதை மாத்தறாங்க, சரியாகலைன்னா அடுத்ததை மாத்தறாங்க. இதுக்குப் பேரு மெக்கானிக்கா?

எங்க வாத்தியார் நீட்டு ஸ்க்ரூடிரைவர் நுனியை இன்ஜின் மேல வால்வை மூடியிருக்கிற டேப்பெட் கவர் மேல வச்சு, பிடியை காதுக்குப் பின்னால எலும்புல அழுத்திக்குவார். கண்ணை மூடிக்கிட்டு, "ரெண்டாவது எக்ஸாஸ்ட் வால்வு, கேப் அதிகம்"பார். கவரைக் கழட்டி இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் விட்டா சொன்ன மாதிரியே இருக்கும். அவர்கிட்ட 11 வருஷம் இருந்தேன். "நல்லா பண்ணே"ன்னு ஒரு தடவை சொன்னதில்லை. கடைசி காலத்துல காது மந்தமாயிடுச்சு. ஒரு நாள் வழக்கம்போல ஸ்க்ரூடிரைவரை வச்சுப் பார்த்தார், எடுத்தார், மறுபடி வச்சார். அப்புறம் அதை என் கையில கொடுத்துட்டு, "நீ கேட்டுச் சொல்லு"ன்னார்.

கேட்டுச் சொன்னேன். சரியா சொன்னேனான்னு இப்ப ஞாபகம் இல்லை.

60ஓம்:
அண்ணே, நாலு வருஷமா இந்த வேலையில இருக்கேன், அதனால ஒரு வார்த்தை. ஸ்கேனர் எதையும் மாத்தச் சொல்றதே இல்லை. பி 0301ன்னு காட்டினா முதல் சிலிண்டர் மிஸ்ஸாகுது, அதாவது சரியா எரியலைன்னு மட்டும்தான் அர்த்தம். பிளக்கா, பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற காயிலா, பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டரா, கம்ப்ரஷனா, எங்கேயாவது காத்து இழுக்குதாங்கறது நம்ம பாடு. முதல் சிலிண்டர் காயிலை மூணாவதுக்கு மாத்திப் போட்டு ஓட்டுவேன். கோடு 0303 ஆச்சுன்னா காயில்தான். ஆகலைன்னா வேற இடத்துல தேடணும். நீங்க ஸ்க்ரூடிரைவரை இடம் மாத்தி மாத்தி வச்சுக் கேக்கறதும் இதேதானே?

அப்புறம், நீலவண்டியோட பட்டையை மீட்டர்ல ஓம்ஸ்ல, அதாவது ரெசிஸ்டன்ஸ்ல வச்சுப் பார்த்திருந்தா ஒரு பழுதும் காட்டியிருக்காது. நாலஞ்சு கம்பி மிச்சம் இருந்தாலே மீட்டர் நல்லா இருக்குன்னுதான் சொல்லும். செல்ஃப் அடிக்கும்போது நூத்துக்கும் மேல ஆம்பியர் அது வழியா போகணும், அப்பத்தான் குட்டு உடையும். அதனாலதான் அந்தத் தம்பி "அடிங்க சார்"னு சொல்லிட்டுப் பார்த்தான். எனக்கு இதைப் புரிய வைக்க எங்க மேஸ்திரிக்கு ஒரு வருஷம் ஆச்சு.

என் கதை. ஒரு வண்டி, ஓடிக்கிட்டே இருக்கும்போது மீட்டர் போர்டுல எல்லா லைட்டும் ஒண்ணா எரியும், ஸ்பீடோ முள் விழுந்துடும், அஞ்சு நிமிஷத்துல தானா சரியாகிடும். அந்தம்மா எங்கெங்கேயோ காட்டிட்டு வந்திருந்தாங்க. வண்டியில இருக்கிற கம்ப்யூட்டர் பெட்டிகள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற ரெண்டு வயர்தான் கேன் லைன். அதுல ரெண்டு கடைசியிலயும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொண்ணு இருக்கும், பேட்டரியைக் கழட்டிட்டு ரெண்டு வயருக்கும் நடுவுல அளந்தா 60 வரணும். 60 வந்துச்சு. முன் சீட்டைப் பின்னால தள்ளினேன், 120, ஒரு ரெசிஸ்டர் விட்டுப் போச்சுன்னு அர்த்தம். முன்னால இழுத்தேன், 60. கார்பெட்டைத் தூக்கினா சீட் ரெயிலுக்கு அடியில வயர் நசுங்கி, நூல் மாதிரி நிக்குது. இதை எந்த ஸ்க்ரூடிரைவர்ல கேக்கறதுண்ணே?

ரெண்டு வாரம் கழிச்சு அவங்க போன். நம்பரைப் பார்த்ததும் வயித்தைக் கலக்கிடுச்சு. திரும்ப வந்துருச்சுபோலன்னு பயந்துக்கிட்டே எடுத்தேன். "ஒண்ணும் இல்லை தம்பி, வண்டி நல்லா ஓடுது, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்"னாங்க. என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம "சரிங்கம்மா, சரிங்கம்மா"ன்னு நாலு தடவை சொல்லிட்டு வச்சுட்டேன். நாலு வருஷத்துல அப்படி ஒரு போன் அது ஒண்ணுதான்.

ஜாக்ஸ்டாண்ட்:
ஒரு பையன் ஜாக் மட்டும் போட்டு வண்டிக்கு அடியில படுத்திருந்தான். "வெளிய வாடா"ன்னு கத்தினேன், வந்தான். ஜாக் இறங்கலை, ஒண்ணும் ஆகலை. ஆனா வெளியில நீட்டிக்கிட்டிருந்த அந்த ரெண்டு செருப்பும் இன்னும் தூக்கத்துல வருது.

தொழிலுக்குப் புதுசா வர்ற தம்பி தங்கச்சிகளுக்கு சொல்றேன், எழுதி வச்சுக்கோங்க. ஜாக் தூக்கறதுக்கு மட்டும்தான், தாங்கறதுக்கு ஸ்டாண்ட். ஸ்டாண்ட் போட்ட பிறகும் வண்டியை ஒரு தள்ளு தள்ளிப் பார்த்துட்டுத்தான் உள்ள போகணும். மோதிரம், செயின், இரும்பு வாட்ச் எல்லாம் கழட்டி வச்சுட்டு வேலைக்கு வாங்க. ஸ்பானர் பாசிட்டிவ்ல இருக்கும்போது மோதிரம் பாடில பட்டா, மோதிரம் பழுத்து விரலோட ஒட்டிக்கும். பேட்டரி கழட்டும்போது முதல்ல நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில நெகட்டிவ். பிரேக் டிரம்மைக் கழட்டினதும் ஏர் அடிச்சு தூசியை ஊதாதீங்க. பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரமாக்கித் துடைங்க. பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4ங்கற ரக பிரேக் ஆயில் புதுசுல 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கணும்கறது கணக்கு, 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா 155 தாங்கினாலே போதும்ங்கற நிலைமைக்கு இறங்கிடும். அதனால திறந்து வச்ச டப்பாவை மறுபடி பயன்படுத்தாதீங்க. வீல் நட்டை ஏர் கன்ல அடிச்சுட்டுப் போகாதீங்க, குறுக்கும் நெடுக்குமா முடுக்கி கடைசியில இறுக்கத்தை அளந்து முடுக்கற டார்க் ரெஞ்ச். ஹைப்ரிட், எலெக்ட்ரிக் வண்டியில ஹை வோல்டேஜ் போற ஆரஞ்சு கலர் கேபிளைப் பார்த்தா, பயிற்சி இல்லாம கிட்டயே போகாதீங்க. ஹை வோல்டேஜைத் துண்டிக்கிற சர்வீஸ் பிளக்கை உருவின உடனே எல்லாம் செத்துடாது, கெப்பாசிட்டர்ல தேங்கின கரண்ட் இறங்க மேனுவல்ல போட்டிருக்கிற நேரம் காத்திருந்து, ஹை வோல்டேஜுக்குன்னு இருக்கிற ரப்பர் கிளவுஸ் போட்டு, மீட்டர்ல பூஜ்யம் பார்த்துட்டுத்தான் தொடணும். அப்புறம் ஒரு நோட்டு வச்சுக்கோங்க. வண்டி, கம்ப்ளெயின்ட், எங்க தேடினீங்க, எங்க கிடைச்சது. பத்து வருஷத்துல அந்த நோட்டுதான் உங்க சொத்து.

ஜன்னலோரம்:
அண்ணே, எல்லாம் நல்ல விஷயம்தான். ஆனா கேட்டது யாரு?

ஜாக்ஸ்டாண்ட்:
கேட்டுட்டு வந்து சொல்ற விஷயமா இது.

ஒரு_அப்பா:
எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன்.

பையன் மார்க் ஷீட் வந்த அன்னிக்கு வண்டியை சர்வீசுக்கு விட்டிருந்தேன். அவனும் கூட இருந்தான். வீட்ல ஆரம்பிச்ச சண்டை அங்கேயும் தொடர்ந்துச்சு. "இப்படியே போனா மெக்கானிக் ஷெட்ல ஸ்பானர் பிடிக்கத்தான் போறே"ன்னேன். சத்தமாவே சொன்னேன். பானெட்டுக்குள்ள தலையை விட்டு வேலை பார்த்துக்கிட்டிருந்தவர் கையில ராட்செட் 'கிர்ர்ர்'னு ஓடிக்கிட்டிருந்துச்சு. அந்தச் சத்தம் நின்னுச்சு. ரெண்டு செகண்ட் இருக்கும். அப்புறம் மறுபடியும் ஓட ஆரம்பிச்சுது. அவர் தலையைத் தூக்கவே இல்லை.

பையன் அதைக் கவனிச்சிருக்கான். வெளிய வந்ததும், "அவர்கிட்ட சாரி சொல்லிட்டு வாங்கப்பா"ன்னான். நான் போகலை. இப்ப அவன் ஆட்டோமொபைல்தான் படிப்பேன்கறான். வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரலை, சரின்னு சொல்லவும் வரலை.

60ஓம்:
சரின்னு சொல்லுங்க சார். வேர்ல்டு ஸ்கில்ஸ்னு உலக அளவுல ஒரு போட்டி நடக்குது, 2024ல பிரான்ஸ்ல லியோன் நகரத்துல நடந்துச்சு. அதுல ஆட்டோமொபைல் டெக்னாலஜின்னே ஒரு பிரிவு இருக்கு. வேணும்னே பழுது வச்ச வண்டியை விடுவாங்க, நேரத்துக்குள்ள கண்டுபிடிச்சு சரி பண்ணணும். பெரும்பாலான பிரிவுகள்ல மாதிரி இதுலயும் 22 வயசு வரைக்கும்தான். எனக்கு அது தெரிய வந்தப்போ வயசு தாண்டிடுச்சு. உங்க பையனுக்கு இன்னும் காலம் இருக்கு.

மெதுவா_போறவன்:
பேர் கேட்காததைப் பத்தி நீலவண்டி சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. 1888ல பெர்தா பென்ஸ், புருஷன் கார்ல் பென்ஸ் செஞ்ச மூணு சக்கர மோட்டார் வண்டியில ரெண்டு பையன்களோட ஜெர்மனியில மன்ஹைம்ல இருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு ஓட்டிட்டுப் போனாங்க, அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். பெட்ரோல் போற குழாய் அடைச்சப்போ தொப்பி ஊசியால குத்தி எடுத்தாங்கன்னு பேசுவோம். வழியில செயினைச் சரி பண்ணிக் கொடுத்தவர் ஒரு கொல்லர். பிரேக் கட்டை தேஞ்சப்போ அதுமேல தோல் அடிச்சுக் கொடுத்தவர் ஒரு செருப்புத் தைக்கிறவர், அதான் முதல் பிரேக் லைனிங்னு சொல்வாங்க. இந்தக் கதையை நான் எத்தனையோ தடவை படிச்சிருக்கேன். அவங்க ரெண்டு பேரும் எப்பவும் "ஒரு கொல்லர்", "ஒரு செருப்புத் தொழிலாளி"தான்.

பழைய_கார்பரேட்டர்:
60ஓம் தம்பி, சீட்டைத் தள்ளிப் பார்க்கணும்னு உனக்கு எப்படித் தோணுச்சு? அதை மட்டும் சொல்லு.

60ஓம்:
அந்தம்மா குட்டையா இருந்தாங்கண்ணே. அவங்க ஓட்டினா வர்றதில்லை, அவங்க வீட்டுக்காரர் ஓட்டினா மட்டும் வருதுன்னாங்க.

பழைய_கார்பரேட்டர்:
சபாஷ்டா. அதான் காது.

நீலவண்டி:
இதையெல்லாம் படிச்சுட்டு நேத்து போனேன். என்ன சொல்றதுன்னு வழியெல்லாம் ஒத்திகை வேற. பையன் அங்கதான் இருந்தான், வேற வண்டியில. என்னை அடையாளம் தெரியலை. பின்னால நின்ன வண்டியைப் பார்த்ததும்தான், "எர்த் பட்டை வண்டிதானே சார்?"னான்.

ஆமான்னேன். நான் ஒத்திகை பார்த்ததைச் சொல்ல வாயைத் திறக்கறதுக்குள்ள பானெட்டைத் தூக்கிட்டான். பேட்டரி ஓரமா டார்ச் அடிச்சுக் கீழே பார்த்துட்டு, பாக்கெட்ல இருந்து மீட்டரை எடுத்து, "உள்ள உட்காருங்க சார், ஒரு தடவை செல்ஃப் அடிங்க"ன்னான்.

0.1.

இந்தத் தடவை பேரைக் கேட்டேன்.