தெளிந்த வானில் விமானம் திடீரெனக் குலுங்குவது ஏன்?

கேள்வி: 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்க்யூ 321 விமானம், மியான்மரின் ஐராவதிப் படுகைக்கு மேல் 37,000 அடி உயரத்தில் கடுமையாகக் குலுங்கியதில் ஒரு பயணி உயிரிழந்தார். ரேடார் இருந்தும் விமானிகள் திகைத்தது எப்படி?

பதில் 1: வானிலை ரேடார் மழைத்துளிகளைக் காட்டுமே தவிர, ஈரமற்ற காற்றின் கொந்தளிப்பைக் காட்டாது. அன்று கீழே வளர்ந்துகொண்டிருந்த மேகத்திரளின் மேலாக விமானம் சென்றிருக்கக்கூடும் என்கிறது முதற்கட்ட விசாரணை அறிக்கை.

பதில் 2: அதே அறிக்கையின்படி, இருக்கைப் பட்டை விளக்கு எரிந்ததாக விமானி குரல் கொடுத்து வெறும் 8 வினாடிகளில் விமானம் சரியத் தொடங்கி, 4.6 வினாடிகளில் 178 அடி இறங்கியது. பட்டை அணியாதவர்கள் இருக்கையிலிருந்து மேலே தூக்கியெறியப்பட்டது அப்போதுதான்.

பதில் 3: பணிப்பெண்ணாக இருந்தவள் என்பதால் சொல்கிறேன்: அந்த 8 வினாடிகளில் உணவு வண்டியின் பிரேக்கை மிதித்து, சுடுநீர்க் குடுவையைத் தரையில் இறக்குவதற்கே நேரம் போதாது. விளக்கு அணைந்திருந்தாலும் பட்டையைக் கழற்றாதீர்கள்.