தோண்டி எடுத்த இடம் யாருக்குச் சொந்தம்? பனிக்காலத் தெருச் சண்டைகள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மூன்றாம்மாடி:
போன குளிர்காலத்தில் நடந்தது. இன்னும் ஆறவில்லை, அதனால்தான் இந்தத் திரி. எங்கள் கட்டடத்துக்கு டிரைவ்வே (தெருவிலிருந்து வீட்டுக்குள் கார் நுழைந்து நிற்கும் தனி வழி) கிடையாது, தெருவோரம்தான் பார்க்கிங். பெரும்பனி விழுந்த மறுநாள் நகராட்சி வண்டி நடுரோட்டைத் தள்ளிவிட்டுப் போனதில் என் காரைச் சுற்றி இடுப்பளவுக்குச் சுவர் எழும்பிவிட்டது. ஷவலால் வெட்டி, டயருக்கு அடியில் இறுகியிருந்ததைக் கொத்தி, காரை வெளியே எடுக்கவே மதியமாகிவிட்டது. அன்று நைட் ஷிஃப்ட். இடத்தை வேறு யாரும் பிடிக்காமலிருக்க எல்லோரும் செய்கிறார்களே என்று ஒரு மடக்கு நாற்காலியை அங்கே போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

விடியற்காலையில் திரும்பி வந்தால் என் இடத்தில் வேறு கார். நாற்காலியை எங்கேயாவது வீசியிருப்பார்கள் என்று தேடினேன். வீசவில்லை. மடக்கி, மேலே இருந்த பனியைத் துடைத்து, எங்கள் வாசலில் சுவரோரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். உடைத்துப் போட்டிருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு மறந்திருப்பேன். இத்தனை மரியாதையாக இடத்தைப் பிடித்துக்கொண்டவரை என்ன சொல்வது? அதைவிட உறுத்துவது இதுதான்: தெருவில் கிடந்த நாற்காலி எங்கள் வீட்டுடையது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அப்படியென்றால் தெரிந்தவர்தானே! தினமும் படியேறும்போது எதிரே வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்து ‘இவரா, அவரா’ என்று யோசிக்கிறேன்.

அரைத்தூக்கம்:
உங்களுக்காவது மனிதரோடு சண்டை. எனக்கு ப்ளோ வண்டியோடு, அதுதான் ரோட்டுப் பனியைத் தள்ளும் நகராட்சி வண்டி. டிரைவ்வேயைத் தரை தெரிய வழித்து முடித்து நிமிர்கிறேன், மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு வருகிறது. ஷவலை உயர்த்தி ‘வேண்டாம், வேண்டாம்’ என்று ஆட்டினேன். ஓட்டுநர் நான் வணக்கம் வைக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக் கையசைத்துவிட்டு, வாசலுக்குக் குறுக்கே முட்டியளவுக்கு வரப்பு போட்டுவிட்டுப் போனார். வானத்திலிருந்து விழுந்த பஞ்சுப் பனி அல்ல அது. ரோட்டு உப்பும் சேறும் கலந்த கட்டி. சற்று நேரம் விட்டால் கடப்பாரைதான். அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

பிறகு ஒருவர் சொல்லிக் கற்றுக்கொண்டது. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ப்ளோ வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ, அந்தப் பக்கம் டிரைவ்வேக்கு முன்னால் ரோட்டோரமாக ஒரு காரளவுக்குப் பனியை அள்ளி இடம் விடுங்கள். வண்டி முன்னால் இருக்கும் தள்ளு தகட்டில், அதாவது பிளேடில், சேர்ந்துகொண்டு வருவது அந்தப் பள்ளத்தில் கொட்டிவிடும், உங்கள் வாசலுக்கு மிச்சம் கொஞ்சம்தான் வரும். அள்ளியதை வண்டி போகிற பக்கமாகக் குவியுங்கள். வருகிற பக்கம் குவித்தால் அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்து உங்கள் வாசலிலேயே போடும். பாதிப் பேர் இதைத்தான் தலைகீழாகச் செய்துவிட்டு ஓட்டுநரைத் திட்டுகிறார்கள். இன்னொன்று, முழுப் பனியும் நிற்கும்வரை வாசல் முனையைத் தொடாதீர்கள். வண்டி இரண்டாம் தடவையும் வரும்.

வீடுவீடாக:
மூன்றாம்மாடி, கோபித்துக்கொள்ளாதீர்கள். நாற்காலி போட்டதும் பட்டா ஆகிவிடுமா? அது பொதுத் தெரு. உங்கள் உழைப்பு உண்மை, மறுக்கவில்லை. இடம் உங்களுடையது அல்ல.

நான் வீட்டுக்கே போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். பனி விழுந்த மறுநாள் ஒரு பாட்டிக்குப் புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டும். அவர் இருந்த தெருவில் ஒரு கார்கூட இல்லாத இடங்கள் வரிசையாக இருந்தன. ஒன்றில் பக்கெட், ஒன்றில் பழைய டிவி, ஒன்றில் இஸ்திரி மேசை. சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் இஸ்திரி மேசையை நடைபாதையில் தூக்கி வைத்துவிட்டு நிறுத்தினேன். டாஷ்போர்டில் ‘நர்ஸ், சீக்கிரம் எடுத்துவிடுகிறேன்’ என்று சீட்டும் வைத்தேன். கட்டு மாற்றிவிட்டு வந்தால் கார் முழுக்கத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். கதவிடுக்கு, கைப்பிடி, முன்கண்ணாடி எல்லாம் ஒரே கண்ணாடிப் படலமாக உறைந்து கிடக்கிறது. அந்தப் பனிக்கட்டிக்குள்ளே என் கையெழுத்தில் ‘நர்ஸ்’ என்ற சொல் பளிச்சென்று தெரிகிறது. அதைப் படித்துவிட்டுத்தானே ஊற்றியிருக்கிறார்கள்!

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பாஸ்டனில் பனி அவசரநிலையை விலக்கிக்கொண்ட பிறகு 48 மணி நேரம் வரைக்கும்தான் இப்படிப் பொருள் வைத்து இடம் பிடிக்கலாம். அந்த ஊரிலேயே சவுத் எண்ட் பகுதியில் அதுவும் கிடையாது. சிகாகோவில் இதற்கு ‘டிப்ஸ்’ (dibs, ‘இது எனக்கு’ என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது) என்று பெயரே உண்டு. 1967 ஜனவரியில் அங்கே 23 அங்குலம் கொட்டியதே, அந்தக் காலத்திலிருந்து வேரூன்றிய வழக்கம் என்பார்கள். வழக்கம்தான், உரிமை அல்ல.

மூன்றாம்மாடி:
அக்கா, தண்ணீர் ஊற்றியது நான் இல்லை. உங்களுக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் ஒரு கேள்வி. நாற்காலி வேண்டாம் என்றால், பாதி நாள் தோண்டியவள் நடக்க வேண்டும், ஷவலையே தொடாதவன் வாசலில் நிறுத்துவான், அதுதான் நியாயமா? ‘பொதுத் தெரு’ என்பவர்கள் தோண்டும்போது மட்டும் ஏன் கண்ணில் படுவதில்லை?

சாவிகொத்து:
இருவரும் சற்றுச் சும்மா இருங்கள், என் கதையைக் கேளுங்கள். எங்கள் ஊரில் குளிர்காலத்தில் ஒற்றைத் தேதிக்கு ஒரு பக்கம், இரட்டைத் தேதிக்கு மறுபக்கம். இரவு வண்டிகள் பனி அள்ள வரும்போது தவறான பக்கம் நின்றால் இழுத்துப் போய்விடுவார்கள். இழுத்த கார்களை அடைத்து வைக்கும் நகராட்சி மைதானத்துக்குக்கூட இல்லை, பக்கத்துத் தெரு ஏதாவது ஒன்றில் விட்டுவிடுவார்கள். (மான்ட்ரியலிலும் இப்படித்தான் பக்கத்துத் தெருவில் விடுவார்கள். அங்கே முதலில் சைரன் ஊதி எச்சரிப்பார்கள்.) என் தம்பி நிறுத்திய கார், இழுத்துப் போனது தெரியவே இரண்டு நாள். அதற்குள் மேலே இன்னொரு பனி.

தெருத்தெருவாகப் போனேன். எல்லாம் வெள்ளை மேடு. எந்த மேடு எந்தக் கார்? சாவியை நீட்டி ரிமோட்டை அழுத்திக்கொண்டே நடந்தேன். ஒரு தெருவில் ஒரு பெரியவர் தனியாக ஒரு மேட்டைத் தோண்டிக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் தோண்டிவிட்டார், மூச்சு வாங்குகிறது. நான் அழுத்தினேன். அவர் தோண்டிய அதே மேட்டுக்குள்ளிருந்து ஆரஞ்சு வெளிச்சம் இரண்டு முறை மின்னியது.

அவர் ஷவலை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அதே மாடல், அதே நிறம் போலிருக்கிறது. ‘ஐயா, நான் உங்கள் காரைத் தேடித் தருகிறேன்’ என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ஷவலைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். கூப்பிட்டேன், திரும்பவே இல்லை. ஓசியில் காரைத் தோண்டி வாங்கிய ஒரே ஆள் இந்தத் திரியில் நானாகத்தான் இருப்பேன். சிரிப்பாகவும் இருக்கிறது, சங்கடமாகவும் இருக்கிறது.

பழையபனியன்:
பார்க்கிங் இருக்கட்டும், உயிர் முக்கியம். எதிர்வீட்டுத் தம்பதி காரைத் தோண்டும்போது குழந்தையைக் குளிரில் நிறுத்தக் கூடாது என்று காருக்குள் உட்காரவைத்து, ஹீட்டரைப் போட்டு, இன்ஜினை ஓடவிட்டிருந்தார்கள். பின்பக்கம் இன்னும் தோண்டவில்லை. புகைக்குழாய் பனிக்குள் புதைந்திருந்தது. நான் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுச் செருப்போடு ஓடினேன். கதவைத் திறந்தபோது குழந்தை ‘தலை வலிக்குது’ என்றது. ஒன்றும் ஆகவில்லை, ஆஸ்பத்திரியில் பார்த்து அனுப்பிவிட்டார்கள்.

ஆகவே எல்லோருக்கும்: இன்ஜினைத் தொடுவதற்கு முன் புகைக்குழாயைச் சுற்றித் தோண்டுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கம் வருவதுபோலத்தான் இருக்கும். அடுத்து, நாற்பத்தைந்து ஐம்பதைத் தாண்டியவர்கள் காலையில் எழுந்ததும் ஷவலை எடுக்காதீர்கள். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும், பாரம் தூக்கும்போது மூச்சைப் பிடிப்போம், இரத்த அழுத்தம் ஏறும். பனி விழுந்த மறுநாள் மாரடைப்பு கூடுவது இதனால்தான். தூக்காதீர்கள், தள்ளுங்கள். புதிதாக விழுந்த உலர்ந்த பனி கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான் இருக்கும், ஈரப்பனி 300 கிலோவைத் தாண்டும். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஸ்னோ புளோயர் (பனியை அள்ளி வீசும் இயந்திரம்) அடைத்துக்கொண்டால் இன்ஜினை நிறுத்தினாலும் உள்ளே கையை நுழைக்காதீர்கள், சிக்கிய பிளேடில் முறுக்கம் மிச்சமிருக்கும், அடைப்பு விலகியதும் ஒரு சுற்றுச் சுற்றும், விரல் போய்விடும். கட்டையால் குத்துங்கள். பனியை உருக்கப் போடும் சாதா உப்பு மைனஸ் 9, 10 டிகிரிக்குக் கீழே பெரிதாகப் பலன் தராது, அங்கே மூட்டை மூட்டையாகக் கொட்டுவது வீண். அந்தக் குளிருக்குக் கால்சியம் குளோரைடு. அதுவும் கிடைக்காவிட்டால் மணல், உருக்காது, ஆனால் வழுக்காது.

எல்லைக்கோடு:
பழையபனியன் ஐயா, குழந்தை விஷயம் சரி. மற்றபடி திரி பார்க்கிங்கைப் பற்றி, இங்கே உப்பு வகுப்பு நடக்கிறது.

என் பக்கத்து வீட்டுக்காரர் நடைபாதையில் பனி தள்ளுவதைப் பார்க்க வேண்டும். அவர் வீட்டு எல்லை முடியும் இடத்தில் நூல் பிடித்ததுபோல நிற்கும். ஒரு விரற்கடை தாண்டாது. ஒரு நாள் என் மனைவி எங்கள் பக்கத்தை முடித்துவிட்டு, அப்படியே நாலு எட்டு அவர் பக்கத்தையும் தள்ளிவிட்டாள். சாயங்காலம் மணியடித்து வந்து நிற்கிறார். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று இவள் உள்ளே கூப்பிட்டாள். வரவில்லை. ‘இனிமேல் என் பக்கத்தைத் தொடாதீர்கள். நீங்கள் அரைகுறையாகத் தள்ளி, அதில் யாராவது வழுக்கி விழுந்தால் வழக்கு என் மேல்தான் வரும்’ என்றார். பூட்ஸில் ஒட்டியிருந்த பனியைக்கூட எங்கள் கால்மிதியில் உதறவில்லை, படியிறங்கித் தன் பக்கம் போய் உதறினார்.

சட்டப்படி அவர் சொன்னதில் ஏதோ இருக்கிறது, வீட்டு முன் நடைபாதை வீட்டுக்காரர் பொறுப்பு என்று பல ஊர்களில் விதி உண்டு. ஆனால் இவள் அன்றிலிருந்து அவரைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறாள். உதவி செய்தவள் ஏன் குனிய வேண்டும்?

வீடுவீடாக அக்காவுக்கும் ஒன்று. நம்மை ஒருவரோடு ஒருவர் முட்டவிட்டுவிட்டு நகராட்சி வேடிக்கை பார்க்கிறது, அதைக் கேளுங்கள். தெருவோரப் பனியை லாரியில் அள்ளிக்கொண்டு போனால் நாற்காலிக்கு என்ன வேலை? பனியைச் சரியாக அள்ளாததற்கு நாற்காலியே பறிபோயிருக்கிறது, மேயர் நாற்காலி. 1979இல் சிகாகோ மேயர் மைக்கேல் பிலாண்டிக் கட்சிக்குள் நடந்த தேர்தலில் ஜேன் பர்னிடம் தோற்றதற்கு அந்த வருடப் பனியைத்தான் காரணம் சொல்வார்கள்.

இரவுப்பிளேடு:
நான் அந்த ப்ளோ வண்டி ஓட்டுபவன். அரைத்தூக்கம் அண்ணன் ஊர் இல்லை, வேறு ஊர், பயப்பட வேண்டாம்.

பள்ளம் விடும் யோசனை சரி. பிளேடை ஒவ்வொரு வாசலுக்கும் தூக்கிக்கொண்டிருந்தால் அந்தப் பனி ரோட்டிலேயே கிடக்கும், அதனால் தூக்குவதில்லை. வேண்டுமென்று யாரும் போடுவதும் இல்லை. எங்களுக்கும் ஒரு மனக்குறை உண்டு: நான் தள்ளிவிட்டுப் போன பிறகு டிரைவ்வே பனியை மறுபடி ரோட்டில் கொட்டுகிறீர்களே, பல ஊர்களில் அதற்கு அபராதமே உண்டு.

என் கதை. ஒரு இரவு ஆம்புலன்ஸுக்கு வழி விட முன்னால் போகச் சொன்னார்கள். நான் தள்ளிக்கொண்டே போக, பின்னால் அது ஊர்ந்து வருகிறது. கண்ணாடி முழுக்கச் சிவப்பு வெளிச்சம். ஒரு திருப்பத்தில், நிறுத்தக் கூடாத பக்கத்தில் ஒரு சின்னக் கார். எதிர்ப்பக்கம் மேடு. என் பிளேடு நுழையாது. ஹாரனை விடாமல் அடித்தேன். மாடிகளில் விளக்கு எரிந்தது. நாலு பேர் லுங்கி, பைஜாமாவோடு பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கி வந்து, பம்பரைப் பிடித்து அந்தக் காரை எகிறவைத்து எகிறவைத்து ஓரத்து மேட்டில் ஏற்றினார்கள். வழி கிடைத்தது, போய்விட்டோம். திரும்பி வரும்போது அதே நாலு பேரில் ஒருவர் அந்தக் காரின் கதவைத் திறந்து உள்ளே எதையோ எடுத்துக்கொண்டிருந்தார். கார் அவருடையது! சாவியை எடுத்து வந்து நகர்த்தலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, எல்லோரோடும் சேர்ந்து தள்ளியிருக்கிறார். அவரைத் திட்டுவதா பாராட்டுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

வீடுவீடாக, மூன்றாம்மாடி, உங்கள் சண்டையில் நான் தலையிடவில்லை. நாற்காலியோ பக்கெட்டோ பனிக்குள் புதைந்து கிடந்தால் இருட்டில் எனக்குத் தெரியாது, பிளேடில் சிக்கினால் யார் வீட்டு வாசலிலாவது போய்த் தெறிக்கும். அதை மட்டும் யோசியுங்கள். ஃபயர் ஹைட்ரண்டை (தீயணைப்பு வண்டி தண்ணீர் எடுக்கும் தெருக் குழாய்) புதைத்து அதன் மேல் மேடு கட்டாதீர்கள்.

பழையபனியன்:
சாவி என்றதும் நினைவு வந்தது. கதவு உறைந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள். கண்ணாடி விரிசல் விடும், ஊற்றிய நீரே மறுபடி உறையும். கதவைத் தோளால் உள்பக்கமாக அழுத்தினால் ரப்பரோரம் ஒட்டிய பனி உடையும், பிறகு இழுங்கள். முந்தைய இரவே ரப்பரில் சிலிக்கான் தடவி வைத்தால் ஒட்டாது. வைப்பரைத் தூக்கி நிறுத்துவது பற்றித் தனியாக எழுத வேண்டும்.

எல்லைக்கோடு:
தனித் திரி போடுங்கள் ஐயா, தயவுசெய்து.